மீசை வைத்த கல்

உயிரோடு இருக்கிறவனுக்குக் கல் நட்டுவிட்டார்கள். நட்ட கல்லுக்குக் கோழி அறுத்து இரண்டு வருசம் பொங்கலும் வைத்தாயிற்று. அப்புறம் அந்த ஆளே ரயிலேறி வந்து ஊருக்குள் நின்றால், கல்லை என்ன செய்வது, ஆளை என்ன செய்வது? ஆலம்பள்ளத்துச் சனங்கள் கல்லைத்தான் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நல்லவர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சாலம்மாள் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. சித்தேரி மலையடியில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்து, 1936-ல் தீர்த்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மொரப்பூர் ரயிலடியிலிருந்து ஆலம்பள்ளத்துக்கு நாலு மைல் வண்டிப் பாதை. தீர்த்தனுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு சோடி எருது, வாயைத் திறந்தால் கேலி. அவனுக்கு மீசை அரும்பியதோடு சரி, கடைசிவரை வளரவில்லை. "மழையே பெய்யாத ஊர்ல மீசை மட்டும் எப்பிடிம்மே மொளைக்கும்?" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனபோதும், சாலம்மாள் எழுந்து அடுப்பு மூட்டினது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

அடுத்தடுத்து இரண்டு வருசம் மழை பொய்த்தது. எருதுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போய்க் கொடுத்துவிட்டு வந்த வாரம், மொரப்பூர் ரயிலடியில் மேசை போட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தீர்த்தன் போய்ப் பேர் கொடுத்தான். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை; பாதை போடவும் பள்ளம் வெட்டவும் மண்வெட்டி பிடிக்கிற பட்டாளம். "இங்க நம்ம நெலத்துல வெட்டறேன், அங்க போயி வெள்ளைக்காரன் நெலத்துல வெட்டப்போறேன். அவ்வளவுதான் சாலா" என்று சொல்லிவிட்டு, நாற்பதாம் வருசம் புரட்டாசியில் ரயிலேறினான்.

சிங்கப்பூர் சப்பான்காரனிடம் விழுந்து ஏழெட்டு மாதம் ஆனபிறகு ஓர் இங்கிலீஷ் காகிதம் வந்தது. மொரப்பூர் நூர் பாஷா துணியும் வளையலும் வண்டியில் போட்டு ஊர் ஊராக விற்கிறவர். அவர்தான் அதை ரயிலடிக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கேட்டுவந்து சொன்னார்.

"சண்டைக்கு அப்புறம் ஆளைக் காணோமுன்னு எழுதியிருக்காங்க, தங்கச்சி. செத்துட்டாருன்னு எழுதல."

வேடியப்பன் கோயில் பூசாரி அர்ச்சுனன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்பது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்தான். எந்தக் காலத்துச் சண்டை, யாருக்கு யார் எதிரி என்று யாருக்கும் தெரியாது. ஏரிக்கரையில் வரிசையாக ஐந்து கல் நிற்கும், கையில் வில்லோ வாளோ பிடித்தபடி. "இந்த ஊரு ஆம்பளை சண்டையில காணாம போவானா? விழுந்திருப்பான். பொணம் கெடைக்காதவனுக்குத்தான் கல்லு" என்றார் அர்ச்சுனன். ஐந்து கல்லுக்கு ஆறாவதாக ஒன்று வருவதில் ஊருக்கும் ஒரு பெருமை இருந்தது. சாலம்மாள் கெஞ்சி அடுத்த ஆடி வரைக்கும் தவணை வாங்கினாள். தவணை தீர்ந்தது. நாற்பத்து மூன்றாம் வருசம் ஆடியில் கல் நட்டு, அதன் முன்னால் அவள் தாலியை அறுத்து, வளையலை உடைத்தார்கள்.

கல் தச்சன் வாங்கின கூலிக்குக் குறையில்லாமல் செதுக்கியிருந்தான். கையில் வாள். தோள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. மேல் உதட்டில் காது வரைக்கும் முறுக்கின மீசை. அழுகைக்கு நடுவில் சாலம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது இது யாரோ என்றுதான் அவளுக்குப் பட்டது.

கல் நட்ட நாலாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பற்றி யார் என்ன பேச முடியும்? தீர்த்தன் வேடியப்பனானான். சாலம்மாள் சாமியின் பெண்சாதியானாள். பொங்கலன்று முதல் படையல் தட்டு மேளத்தோடு அவள் வீட்டு வாசலுக்கு வரும். அமாவாசைக்கு அமாவாசை அவள் கையால்தான் கல்லுக்குக் களி வைக்க வேண்டும். அதே சனங்கள் கல்யாணம் காதுகுத்து என்றால் அவளைக் கூப்பிடமாட்டார்கள். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார்கள், பாதி மரியாதைக்கு, பாதி சகுனத்துக்கு.

நாற்பத்தாறாம் வருசம் தையில், வெயில் ஏறின நேரம், சாலம்மாள் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தாள். நூர் பாஷாவின் வண்டி வந்து நின்றது. துணி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, எலும்பும் தோலுமாக ஒரு ஆள் இறங்கினான். பக்கத்தில் இருந்த செல்லி முறத்தைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். சாலம்மாள் ஓடவில்லை. மீசை இல்லாத அந்த உதட்டைப் பார்த்தாள்.

"களத்துல புழுதி பறக்குது. தண்ணி கொஞ்சம் குடும்மே" என்றான் தீர்த்தன்.

மூன்றரை வருசம் சப்பான்காரனின் கைதியாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருந்தான். நெஞ்சில் இருமல் குடியேறியிருந்தது. ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டியபோது, விழுந்து விழுந்து சிரித்தான். "பரவால்லயே, மீசை நல்லா வந்திருக்குது" என்றான். கூட வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

சாலம்மாள் அன்றைக்கே பூசாரியிடம் போனாள். "கல்லை எடுத்துருங்க, எனக்குத் தாலியக் கட்டச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

"நட்ட கல்லைப் பிடுங்கறதா? மழை குடுத்த கல்லும்மா அது. அதைப் பொய்யின்னு சொன்னா வானம் கேட்டுக்கிட்டு சும்மா இருக்குமா?" என்றார் அர்ச்சுனன். "வந்தவன் இருந்துட்டுப் போறான். தாலி கல்லுக்கு முன்னாடி அறுத்தது. மறுக்கா கட்ட மொறையில்ல."

இப்படியாக, சொந்தப் புருசனோடு தாலியில்லாமல் குடித்தனம் நடத்தின பொம்பளை ஆனாள் சாலம்மாள். "சாமி பொண்டாட்டி வூட்டுல ஒரு ஆளை வச்சிருக்குதாம்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். நூர் பாஷா மட்டும் ஒரு டசன் பச்சைக் கண்ணாடி வளையலை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, காசுக்கு நிற்காமல் வண்டியை ஓட்டிப் போனார். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தீர்த்தன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த ஊர் ஒரே ஒரு தடவை வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினாள்.

பங்குனியில் வேடியப்பன் பொங்கல் வந்தது. வழக்கமாக முதல் நாள் கூத்து நடக்கும். மறுநாள் மத்தியானம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஊர் கூடிக் கூத்து நியாயம் பேசும். கூத்தில் வந்த ராசா செய்தது சரியா, தளபதி செய்தது தப்பா என்று நிசமான பஞ்சாயத்துப் போலவே வழக்காடுவார்கள். பூசாரி தீர்ப்புச் சொல்லுவார். தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. போன வருசம் ஒரு அண்ணன் தம்பிக் கதைக்குச் சொன்ன தீர்ப்பை வைத்து, நிசமான ஓர் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையே முடிந்திருக்கிறது. இந்த வருசம் மண்ணெண்ணெய் கிடைக்காததால் கூத்து இல்லை. நியாயம் பேசாமல் சனங்களுக்கு வாய் ஊறியது.

"அதான் தீர்த்தன் இருக்கானே. சண்டைக் கதை ஒண்ணு சொல்லுப்பா" என்றான் குள்ளன். சின்ன வயசில் தீர்த்தனோடு மாடு மேய்த்தவன், எந்தக் கூட்டத்திலும் உரக்கப் பேசுகிறவன்.

தீர்த்தனுக்குச் சண்டையைப் பற்றிப் பேச இஷ்டமில்லை. ஆனால் ஊர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாலம்மாளுக்கும்தான்.

"சண்டை வேண்டாம். சண்டைப் படம் ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தான். "கேம்புல சப்பான்காரன் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டான். அவங்க ஊர்ல அந்தக் காலத்துல சாமுராயின்னு இருந்தாங்களாம். நம்ம பாளையக்காரங்க மாதிரி, இடுப்புல ரெண்டு கத்தி. ஒரு சாமுராய் கோட்டையைக் காவல் காக்கறான். எதிரி வந்து சுத்திக்கிறான். இவங்க ராசா அம்பு பட்டுச் செத்துப்போறான். எதிரி சொல்லி அனுப்பறான், கதவைத் தொற, உசுரோட வுட்டுடறேன்னு. இவன் தொறக்கல. குளிச்சான், வெள்ளைத் துணி கட்டிக்கிட்டான், பாய் விரிச்சு ஒக்காந்தான், சின்னக் கத்திய எடுத்துத் தன் வயித்தைத் தானே கிழிச்சுக்கிட்டான்."

பெண்கள் பக்கத்தில் ஐயோ என்றார்கள்.

தீர்த்தன் சிரிக்க வைக்கத்தான் அதைச் சொன்னான். கேம்பில் கூட இருந்தவர்கள் பேசினதையெல்லாம் நடித்துக் காட்டினான். சமையல்காரன், "சாகப் போறவனுக்கு எதுக்குடா குளியல்?" என்றானாம். ஆம்பூர்க்காரன் ஒருத்தன் சாமுராயை விட்டுவிட்டு அவன் குதிரைக்காக அழுதானாம். இன்னொருத்தன், "ராசா செத்தா ராசாவுக்கு. இவன் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றானாம். "நாங்க சிரிச்சது பொறுக்காம காவக்காரன் எங்களை வெயில்ல நிக்க வச்சான். கையத் தூக்குன நாய்ங்க நீங்க, செத்தவனைப் பாத்துச் சிரிக்கறீங்களான்னு கேட்டான்" என்று முடித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஆலம்பள்ளம் நியாயம் பேச உட்கார்ந்துவிட்டது.

"அவன் ஆம்பளைடா" என்றான் குள்ளன். "கதவைத் தொறந்துட்டு எந்த மூஞ்சியோட வெளிய வருவான்?"

"வயித்தைக் கிழிச்சது சரியில்ல, கழுத்துதான் மொறை. நம்ம மூணாவது கல்லைப் பாரு, தன் தலையத் தானே அறுக்கறான்" என்றார் ஒரு கிழவர்.

நூர் பாஷா வண்டி மேலே உட்கார்ந்தபடியே சொன்னார்: "குடுத்த உசுரை எடுக்கறது மேல இருக்கறவன் வேலைங்க. அந்தாளு அவசரப்பட்டுட்டான்."

"சாயபு வெளியூரு, உங்க நியாயம் வேற" என்று அவரை அடக்கினார்கள்.

அப்புறம் குள்ளன் கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. வழக்கில் அடுத்த கேள்வி அது, அவ்வளவுதான். "அப்ப நீ கையத் தூக்குனியா தீர்த்தா?"

"தூக்கச் சொன்னாங்க, தூக்குனோம். வெள்ளைக்கார அதிகாரிதான் மொதல்ல தூக்குனான். எங்கிட்ட இருந்தது ஒரு மம்முட்டி."

"சப்பான்காரனோட சேந்து நம்மாளுங்க படை கட்டினாங்களே, அதுலயாவது சேந்தியா?"

"இல்லப்பா. எனக்கு வூட்டுக்கு வரணும்னு மட்டுந்தான் இருந்துச்சு."

குள்ளன் தலையைச் சொறிந்தான். "அந்தச் சாமுராய் மாதிரி நீயும் அங்கயே முடிச்சிருந்தா, கல்லு பொய்யாயிருக்காது, பாரு."

நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். தீர்த்தன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாலம்மாள் எழுந்தாள். பெண்கள் கூத்து நியாயத்தில் பேசுவது வழக்கமில்லை.

"மாமா, அந்த சாமுராய்க்குப் பொண்டாட்டி இருந்தாளா?"

தீர்த்தன் திரும்பினான். "இருந்தா. படம் ஆரம்பிக்கறப்ப ஒரு கிண்ணத்துல சோறு கொண்டாந்து வைப்பா. இவன் திங்காம எழுந்து போயிடுவான். கதவை சாத்திக்குவா. அப்புறம் அவளைக் காட்டல."

"காட்ட மாட்டாங்க. நான் சொல்றேனுங்க, அவளுக்கு என்ன ஆச்சுன்னு." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவன் செத்த மறுநா ஊரே வந்து அவளைக் கும்புட்டிருக்கும். மேளத்தோட படையல் வந்திருக்கும். கண்ணாலத்துக்கு மட்டும் கூப்புட்டிருக்க மாட்டாங்க. களி கிண்டறப்ப ஒரு ஆளுக்கா ரெண்டு ஆளுக்கான்னு தெனமும் கை தடுமாறியிருக்கும். புருசன் ஆம்பளைன்னு ஊரெல்லாம் பேசறதைக் கேட்டுக்கிட்டு, கையத் தூக்கிட்டாவது வந்திருக்கக் கூடாதான்னு பாவி நெனச்சிருப்பா. வெளிய சொல்லியிருக்க மாட்டா. நான் சொல்றேன். எம்புருசன் கையத் தூக்குனதுக்கு நான் வேடியப்பனைக் கும்புடறேன். அவரு உசுரோட நிக்கறாருன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

காற்றில் புளிய இலை உதிர்ந்துகொண்டிருந்தது. செல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

அர்ச்சுனன் வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர், மழைக்குப் பயந்தவர். "அந்தப் பொம்பளை கதையில இல்ல. இல்லாதவளுக்கு நியாயம் பேச முடியாதும்மா" என்றார். "சாமுராய் செஞ்சது சரி. அதான் தீர்ப்பு."

கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் தீர்த்தன் சொன்னான், "சிரிக்கறதுக்குத்தான் சாலா சொன்னேன். கேம்புல எல்லாரும் எப்பிடிச் சிரிச்சோம் தெரியுமா?" அதற்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த அரிவாளையும் கொடுவாளையும் அடுக்குப் பானைக்குள் அவள் ஒளித்து வைத்தாள். ஒருநாள் கீரை அறுக்க அரிவாள் தேடியவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். "பயப்படாதம்மே. எனக்கு அந்தத் தைரியமெல்லாம் இல்ல" என்று எடுத்துக்கொண்டு போனான். அவன் அதைத் தன் வயிற்றில் வைத்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வருசம் மழை இல்லை. அடுத்த வருசமும் இல்லை. ஊர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை; கிணறு தூர் வாரக் கூப்பிடவில்லை, களத்து வேலைக்குக் கூப்பிடவில்லை, எதிரில் வந்தால் பார்க்கவில்லை. சுதந்தரம் வந்த அன்று வீட்டுக்கு வீடு மிட்டாய் கொடுத்தார்கள், இவர்கள் வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது, அவள் பேருக்கு. தீர்த்தன் மெல்ல மெல்ல ஊரோடு சேர்ந்துகொண்டான். அதுதான் பெரிய கொடுமை. காலையில் எழுந்து போய்க் கல்லைச் சுற்றிப் பெருக்க ஆரம்பித்தான். "என்ன இருந்தாலும் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் சாலா. ஒரே வாரத்துல மழையக் கொண்டாந்தான்" என்பான். அமாவாசையன்று அவள் களி கொண்டு கிளம்பும்போது, "அவனுக்கு வச்சுட்டு வா, அப்புறம் நான் திங்கறேன்" என்பான். அவள் பாதி வழியில் நின்று அழுதுவிட்டுப் போவாள். போகாமல் இருந்துவிடும் துணிச்சல் அப்போது அவளுக்கு வரவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருசம் மாசியில், இருமி இருமி இரத்தம் வந்து, ஒரு விடிகாலையில் தீர்த்தன் செத்தான்.

மேளம் வரவில்லை. பாடை கட்ட ஆள் வரவில்லை. அர்ச்சுனன் சொல்லி அனுப்பினார்: "ஒரு ஆளுக்கு ரெண்டு சாவு கெடையாது. செய்ய வேண்டியதெல்லாம் அப்பவே செஞ்சாச்சு." சாலம்மாள் வாசலில் உட்கார்ந்தே இருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறினபோது நூர் பாஷாவின் வண்டி வந்தது. மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு புதுக் கோடித் துணியை உதறி வண்டியில் விரித்தார். அவரும் அவளுமாகத் தூக்கி வைத்தார்கள்.

சுடுகாட்டு மேட்டுக்குப் போனால் அங்கே குழி பாதி வெட்டியிருந்தது. உள்ளே இடுப்பளவு ஆழத்தில் குள்ளன் நின்றுகொண்டிருந்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தலையைத் தூக்காமல் சொன்னான்:

"நேத்து வரைக்கும் உசுரோட இருந்தான்மா. எனக்குத் தெரியும்."

மூன்று வருசமாக அவள் கேட்க ஏங்கின சொல். குழிக்குள்ளிருந்து வந்தது. சாலம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த மாதம் பங்குனிப் பொங்கல். ஊருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. ஆள் போய்விட்டான், கல் மறுபடியும் நிசமாகிவிட்டது. மேளத்தோடு முதல் படையல் தட்டு அவள் வாசலுக்கு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் ஏரிக்கரைக்கு நடந்தாள். சனம் வழிவிட்டது. கல்லுக்கு முன்னால் நின்று அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. பூசாரியின் கையில் கொடுத்தாள்.

"இவனுக்கு நான் பொண்டாட்டி இல்லீங்க. எம்புருசன் சாகறதுக்கு முன்னாடி நீங்க எல்லாருமா சேந்து பெத்த புள்ள இவன். நீங்களே சோறு போட்டுக்குங்க."

அர்ச்சுனன் தட்டோடு நின்றார். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு.

விழவில்லை. அந்த வருசம் நல்ல மழை. ஏரி கோடி போயிற்று, கல்லுக்கு இரண்டு கிடா வெட்டினார்கள், பேரெல்லாம் கல்லுக்குத்தான் போயிற்று. சுடுகாட்டு மேட்டில் தீர்த்தனைப் புதைத்த மண் அதே மழையில் கரைந்து இறங்கியது. மழை விட்ட மறுநாள் காலையில் சாலம்மாள் குள்ளன் வீட்டில் மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மேட்டை மறுபடியும் கட்டினாள்.